குறி மேலே இருக்க வேண்டும்

ஜூன் 3, திங்கள்

காலை ஆறு ஐந்துக்குத் தூத்துக்குடியில் இறங்கினேன். லாட்ஜ் அறை எண் 14. குழாய் ஒழுகுகிறது, ஜன்னலுக்குக் கொக்கி இல்லை, மின்விசிறி மூன்றாம் எண்ணில் மட்டும் ஓடுகிறது. மூன்றையும் ஒரு தாளில் எழுதி வரவேற்பில் கொடுத்தேன். அங்கிருந்த ஆள் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பின்பக்கம் ஒன்றும் இல்லையா என்று கேட்டார். கிண்டல்தான். எனக்குப் பழக்கம்.

உப்பளங்களுக்கு அப்பால் ஒரு ரசாயன ஆலை. அங்கே புது நீராவிக் குழாய் லைன் போடுகிறார்கள். லைனைத் தொடுவதற்கு முன் ஏழு வெல்டர்களுக்கு டெஸ்ட் வைத்து, தேறியவர்கள் பெயரை எழுதிக் கொடுப்பது என் வேலை. பிறகு மூன்று வாரம் இருந்து அவர்கள் வேலையைப் பார்க்க வேண்டும். நான் ஆலையின் ஆள் இல்லை, காண்ட்ராக்டரின் ஆளும் இல்லை. திருச்சி அலுவலகம் அனுப்பிய மூன்றாவது ஆள்.

மூன்றாவது ஆளுக்குச் சில பழக்கங்கள் உண்டு. சைட்டில் யார் கொடுக்கும் டீயும் குடிப்பதில்லை. தண்ணீர்கூடச் சொந்தப் பாட்டில்தான். வெல்டர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டால், அடுத்த நாள் அவர்கள் வெல்டிங் செய்த டெஸ்ட் பீஸை உடைக்கும்போது கை கூசும். ஆகவே முப்பது வருடமாக மத்தியானச் சாப்பாடு தனியாகத்தான். இன்று இரண்டு இட்லி, காற்றோடு வந்த மணல் கொஞ்சம்.

ஜூன் 4, செவ்வாய்

டெஸ்ட் நாள். காற்று பேயாக அடிக்கிறது. தார்ப்பாய் கட்டி மறைத்தால்தான் வெல்டிங்கைக் காக்கும் வாயு கலையாமல் நிற்கும்.

பீஸ் எளிமையானது. ஒரு இரும்புத் தகடு, அதன்மேல் செங்குத்தாக இரண்டு அங்குலக் குழாய். இரண்டும் சேரும் மூலையைச் சுற்றி வெல்டிங். இதைத்தான் ஃபில்லெட் என்கிறோம். ஆனால் டெஸ்டில் தகட்டைச் சுவர்போல நிறுத்தி, குழாய் படுத்திருக்கும்படி ஸ்டாண்டில் மாட்டிவிடுவோம். அதைச் சுழற்றக் கூடாது. வெல்டர்தான் அதைச் சுற்றி வளைய வேண்டும். உச்சிப் பகுதி சுலபம். அடிப்பகுதிக்குத் தலையை அண்ணாந்து, கீழே படுக்காத குறையாகப் பற்ற வைக்க வேண்டும். எல்லாருடைய வண்டவாளமும் அடியில்தான் தெரியும். அதனால் வெல்டிங் விதிகளைச் சொல்லும் கோட் புத்தகம் தெளிவாகச் சொல்கிறது: முடிந்த பீஸை நான்காக வெட்டி, அடித் துண்டை உடைத்துப் பார், உச்சித் துண்டின் வெட்டுமுகத்தைத் தேய்த்து, அமிலம் தடவிப் பார்.

எது அடி, எது உச்சி என்று பிறகு குழம்பக் கூடாது. ஆகவே வெல்டிங்குக்கு முன்பே தகட்டின் ஓரத்தில் வெல்டர் எண்ணை உளியால் அடித்துவிடுவேன். குறி மேலே இருக்கும்படி மாட்ட வேண்டும். மேஜைமீது வைத்து ஏழு தகட்டிலும் நானே அடித்தேன். ஃபிட்டர் சண்முகவேல் எடுத்துப்போய் மாட்டினார்.

பதினொரு மணிக்கு மனைவி தையல்நாயகி பூனாவிலிருந்து கூப்பிட்டாள். பேரன் மராத்தியில் நாலு வார்த்தை பேசுகிறானாம். நாற்பது நிமிடம் போயிற்று. திரும்பி வந்தபோது தார்ப்பாய்க்குள் ஏழு இடத்திலும் வேலை நடந்துகொண்டிருந்தது. படிவத்தில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன்.

இரவுக்குப் பரோட்டா. சால்னாவில் உப்பு கூட. உப்பு விளைகிற ஊரில் இதைப் புகாராகச் சொல்ல முடியாது.

ஜூன் 5, புதன்

ரம்ஜான் விடுமுறை. சட்டை மூன்று துவைத்தேன். காற்றில் ஒன்று பக்கத்து மாடிக்குப் போய்விட்டது.

ஜூன் 6, வியாழன்

வெட்டுப் பட்டறையிலிருந்து துண்டுகள் வந்தன. நான் எழுதிக் கொடுத்தபடி, குறி உள்ள பக்கம் தேய்ப்பதற்கு, எதிர்ப்பக்கம் உடைப்பதற்கு என்று பிரித்துக் கட்டியிருந்தார்கள். ஒரு கட்டைத் தேய்த்துப் பார்த்தோம், மற்றதில் ஏழு துண்டையும் உடைத்தோம். ஆறு பேர் தேறினார்கள். ஒருவர் இல்லை.

தேறாதவர் பேச்சிமுத்து, கயத்தாறுப் பக்கம். நாற்பது வயதுக்குள் இருக்கும். சிடுமூஞ்சி. யாரோடும் ஒட்டாத ஆள். நான் எண் அடிக்கும்போதே, உளியை நேராகப் பிடிக்கச் சொன்னவர். உடைந்த முகத்தில், மூலையின் உள்ளே ஒன்றரை சென்டிமீட்டருக்கு உலோகம் உருகாமலே இருந்தது. பிளந்த பலாச்சுளையில் கொட்டை தெரிகிற மாதிரி பளிச்சென்று தெரிந்தது. காட்டினேன்.

அவர் துண்டை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது அடித் துண்டு இல்ல சார். என் கை எங்கன தொடங்குச்சு, எங்கன முடிச்சுதுன்னு எனக்குத் தெரியாதா?”

தேறாத ஒவ்வொருவரும் ஏதாவது சொல்வார்கள். காற்று என்பார்கள், கரண்ட் என்பார்கள். என் படிவத்தில் என் கையெழுத்து இருக்கிறது என்று சொல்லி முடித்தேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். தேறாத துண்டை அறிக்கை முடியும்வரை நான்தான் வைத்திருக்க வேண்டும். எடுத்துப் பையில் போட்டேன்.

ஜூன் 7, வெள்ளி

ஆறு பேரும் லைனில் ஏறினார்கள். மூட்டுகள் 19. நான் பேசிய வார்த்தைகள் அதைவிடக் குறைவு.

ஜூன் 8, சனி

இன்று ஒரு தப்பு செய்தேன். தப்பு என்றும் சொல்ல முடியாது.

சிலிண்டர் கூண்டுக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். காற்று ஒரே வீச்சில் இலையோடு எலுமிச்சைச் சோற்றைத் தூக்கி மணலில் கவிழ்த்தது. அந்தப் பக்கமாக வந்த கித்தேரியான் பார்த்துவிட்டார். ஆறு பேரில் மூத்தவர், ஐம்பதை நெருங்குகிறார். கடற்கரை ஊர்க்காரர். ஒன்றும் கேட்காமல் எதிரில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார். நெத்திலிக் குழம்பு. மூடியில் சோறு போட்டு என் பக்கம் தள்ளினார்.

வேண்டாம், வழக்கமில்லை என்றேன். “டெஸ்டுதான் முடிஞ்சு போச்சே அண்ணாச்சி. இனி எனக்கு ஒங்ககிட்ட என்ன காரியம் ஆகணும்?” என்றார்.

சரியான வாதம். சாப்பிட்டேன். கையைக் கழுவிய பிறகும் வாசனை போகவில்லை. போகாதது எனக்குப் பிடித்திருந்தது.

மாத்திரை அட்டையின் பின்னால் என்ன போட்டிருக்கிறது என்று என்னிடம் நீட்டினார். வாசித்துச் சொன்னேன். கையை முழுக்க நீட்டிப் பிடித்தும் அவருக்கு எழுத்து தெரியவில்லையாம். கண்ணாடி போடவில்லையா என்றதற்கு, வெல்டர் கண்ணாடி போட்டால் கூப்பிடுகிறவன் யோசிப்பான் என்று சிரித்தார்.

ஜூன் 9, ஞாயிறு

கடற்கரைவரை நடந்தேன். எல்லாரும் குடும்பம் குடும்பமாக. திரும்பி வந்தேன். தையலுக்கு இரண்டு முறை போன் செய்தேன். பேரனைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பாள்.

ஜூன் 10, திங்கள்

கித்தேரியான் வீட்டில் இப்போது எனக்கும் சேர்த்தே சோறு வைக்கிறார்களாம். அவர் மனைவி பிலோமினா, திருச்சி சாருக்குப் புளி ஆகாது என்று குறைத்துப் போட்டிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவே இல்லை. அவராக நினைத்துக்கொண்டார். மறுக்கவில்லை.

வீட்டில் யார் யார் என்று கேட்டார். சொன்னேன். மகன் பூனாவில், மருமகள் பிரசவத்துக்குப் போன தையல்நாயகி அங்கேயே. ஆடி முடிந்ததும் வந்துவிடுவாள் என்றேன். எந்த ஆடி என்று அவர் கேட்கவில்லை. போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் கேட்டவர்களிடம் இதையேதான் சொன்னேன்.

மூட்டுகள் இதுவரை 58. எல்லாம் சாக்கெட் மூட்டுகள். குழாய் நுனியை ஒரு வளையத்துக்குள் செருகி மூலையைச் சுற்றி ஃபில்லெட் போடுவது. இவற்றுக்கு எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்கும் வழக்கம் கிடையாது. வெளியே பார்க்க எல்லாமே அழகாகத்தான் இருக்கும். உள்ளே எப்படி என்பதற்கு வெல்டரின் டெஸ்ட் ஒன்றுதான் சாட்சி.

ஜூன் 11, செவ்வாய்

சாளை மீன் புளிமுளக் குழம்பு. புளி குறைவு.

ஜூன் 12, புதன்

கேபினில் காகிதங்கள் பறந்தன. பையைத் துழாவி, பேச்சிமுத்துவின் துண்டை எடுத்து அவற்றின்மேல் வைத்தேன். வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தேன். அரைப் பக்கம் எழுதிய பிறகு கை நின்றது.

வெல்டிங் எப்போதும் கீழிருந்து மேலே ஏறும். இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை. அடியில் இரண்டும் தொடங்கும், உச்சியில் இரண்டும் வந்து முடியும். முடிகிற இடத்தில், கடைசிச் சொட்டு இறுகும்போது கடுகளவு குழி விழும். தொடங்குகிற இடத்தில் அந்தக் குழி இருக்காது.

நான் உடைத்த துண்டின் நடுவில் குழி இருக்கிறது.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். பழைய இரும்பு போடும் பெட்டியில் கிடந்த மற்ற ஆறு பேரின் உடைந்த துண்டுகளையும் தேடி எடுத்து வரிசையாக வைத்தேன். ஏழிலும் குழி. ஏழும் உச்சித் துண்டுகள். யாருடைய அடியையும் நான் உடைக்கவே இல்லை.

மத்தியானம் கித்தேரியான் கூப்பிட்டார். வயிறு சரியில்லை என்றேன். மோர் கொடுத்து அனுப்பினார்.

ஜூன் 13, வியாழன்

ஃபிட்டர் சண்முகவேலைத் தனியாகப் பிடித்து, அன்று குறியை எந்தப் பக்கம் வைத்து மாட்டினார் என்று கேட்டேன். சந்தேகமே இல்லாமல் சொன்னார்.

“அடியிலதான் சார். எந்தத் துண்ட ஒடைக்கணுமோ அதுலதான குறி அடிப்பாவ? எங்க யார்டுல எப்பவும் அப்பிடித்தான்.”

அவர்கள் யார்டில் குறி என்றால் உடைக்க வேண்டிய துண்டு. எனக்குக் குறி என்றால் உச்சி. வெட்டுப் பட்டறைக்கு என் தாள் போயிற்று, ஸ்டாண்டுக்கு அவர் பழக்கம் போயிற்று. அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் பொறி விழுவதற்கு முன் ஸ்டாண்டுக்குப் போய், குறி மேலே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியவன் நான். அதற்குப் படிவத்தில் தனிக் கட்டமே இருக்கிறது. ‘பார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

அன்று பதினொரு மணிக்கு ஒரு போன் வந்தது. அவ்வளவுதான்.

இன்று வயிறு சரியாகிவிட்டது. சாப்பிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

கோட் புத்தகத்தை ஒன்பது முறை படித்தாயிற்று. ஒரு வரியை எத்தனை விதமாகப் படிக்கலாம் என்பதில் நான் கெட்டிக்காரன். படித்துப் பார்க்கிறேன்.

உச்சி, அடி இரண்டையும் சோதிப்பதுதான் புத்தகத்தின் நோக்கம். இரண்டும் சோதிக்கப்பட்டன. அடித் துண்டைத் தேய்த்து அமிலம் தடவிப் பார்த்தேன், ஆறு பேருக்கும் நன்றாக இருந்தது. உடைக்க வேண்டியதைத் தேய்த்தேன், தேய்க்க வேண்டியதை உடைத்தேன். வரிசை மாறியது, வேறென்ன? ஆனால் தேய்ப்பதில் தெரிவது ஒரே ஒரு வெட்டுமுகம். ரொட்டியின் ஒரு ஓரத்தைப் பார்த்துவிட்டு முழு ரொட்டியும் வெந்ததாகச் சொல்வதுபோல. உடைத்தால்தான் மூலை நெடுகத் தெரியும். அடியில் உடைக்கச் சொன்னது அதற்குத்தான்.

இன்னொரு விதமாகப் படிக்கிறேன். பேச்சிமுத்துவின் உச்சியில் குறை இருந்தது நிஜம். எங்கே இருந்தாலும் குறை குறைதானே? அப்படியானால் அவர் தேறாதது செல்லும். ஆறு பேர் தேறியதும் செல்லும். யாரும் எதையும் தொட வேண்டாம்.

இன்னும் ஒரு விதம். பேச்சிமுத்துவுக்கு மட்டும் மறுபடி ஒரு வாய்ப்பு. கோட் அதற்கு இடம் கொடுக்கிறது. அவருக்கும் நியாயம், மற்றவர்களுக்கும் தொந்தரவு இல்லை. இதுதான் நல்ல வழி என்று படுகிறது.

இதுவரை எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன். வாளைக் கருவாடு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட வேண்டும், பிலோமினா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள் என்றார் கித்தேரியான். ஒருவர் என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டு எத்தனை வருடம் ஆகிறது என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை. வருகிறேன் என்றேன்.

ஜூன் 15, சனி

பம்ப் அறைக்கு மேலே நீராவி லைன் போகிறது. கித்தேரியான் சாரத்தில் மல்லாக்கப் படுத்து, தலைக்கு மேலிருந்த மூட்டுக்கு அடிப்பக்கம் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாமல் கீழே நின்று பார்த்தேன்.

பொறி வைப்பதற்கு முன் கம்பியின் நுனியை மூலையில் வைத்துத் தடவினார். விலகியது. மறுபடியும் தடவினார். இருட்டில் சாவித் துவாரம் தேடுகிற மாதிரி. பிடி கிடைத்த பிறகு முகமூடியை இறக்கிப் பற்ற வைத்தார். முப்பது வருடக் கை. வெளியே பார்க்க அழகாகத்தான் வந்தது.

அந்த மூட்டுக்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பம்ப் ஆபரேட்டருடையது. நாற்காலி முதுகில் ஒரு துண்டு, காலடியில் தண்ணீர்ப் பாட்டில். லைன் ஓடத் தொடங்கியதும் எட்டு மணி நேரம் ஒருவன் அங்கே உட்கார்ந்திருப்பான். வேர்த்தால் அந்தத் துண்டால் துடைப்பான்.

நேற்று எழுதியதை வாசித்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. புத்தகத்துக்கு அர்த்தம் சொல்லவில்லை நான். ஒரு தூக்குவாளிக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறேன். புத்தகம் சொன்னபடி நடக்காத டெஸ்ட் டெஸ்டே இல்லை. அதில் தேறியவரும் இல்லை, தேறாதவரும் இல்லை. ஏழும் செல்லாது.

ஜூன் 16, ஞாயிறு

கித்தேரியான் வீட்டுக்குப் போகவில்லை. கடிதம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். எட்டு முறை திருத்தி, கடைசியில் முதலில் எழுதியதையே வைத்துக்கொண்டேன். மத்தியானம் மூன்று முறை போன் அடித்தது. நான் எடுக்கவில்லை.

ஜூன் 17, திங்கள்

கடிதத்தைக் காண்ட்ராக்டரின் குவாலிட்டி மேனேஜர் புவனேந்திரனிடம் கொடுத்தேன். சென்னைக்காரர், நல்ல மாதிரி. வாசித்ததும் கதவைச் சாத்தினார். நான் வெள்ளிக்கிழமை எழுதிய அத்தனை வாதத்தையும் ஒன்று விடாமல் அவரும் சொன்னார். இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தோன்றியதுதான் என்றேன்.

“சார், தொண்ணூத்தாறு ஜாயின்ட் முடிஞ்சிருக்கு. அந்த ஒருத்தரைக் கூப்பிட்டு டெஸ்ட் வெச்சுக்கலாம். மத்தவங்கள விடுங்களேன். இது ஒங்களுக்கும் எனக்கும் தவிர யாருக்குத் தெரியப் போவுது?”

துண்டுகள் ஏழையும் மேஜைமீது வைத்தேன். குழியைக் காட்டினேன். இது தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார், அவர் ஆறாம் தேதியே சொல்லிவிட்டுப் போனார் என்றேன்.

மாலைக்குள் லைன் நின்றது. திருச்சி அலுவலகத்திலிருந்து மூன்று வரி வந்தது. மறு டெஸ்டை வேறு இன்ஸ்பெக்டர் பார்ப்பார். நான் கூட இருந்து விளக்கம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். நியாயம்தான். நானாக இருந்தால் இரண்டே வரியில் எழுதியிருப்பேன்.

ஜூன் 18, செவ்வாய்

எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நான் நடந்து போனால் பேச்சு நிற்கிறது. ஐந்து வெல்டர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கித்தேரியான் மட்டும் கையைத் தூக்கினார். நமக்கு என்ன, இன்னொரு தடவை போட்டால் போயிற்று என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கையில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

பேச்சிமுத்து வந்து சேர்ந்தார். நேராக என்னிடம் வந்தார். நீங்கள் சொன்னதுதான் சரி, பார்க்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு என்றேன். நன்றி வரும் என்று எதிர்பார்த்தேனா தெரியவில்லை. “அன்னைக்கே ஒரு நிமிசம் திருப்பிப் பாத்திருக்கலாம்லா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 19, புதன்

மறு டெஸ்ட். புது இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு ஸ்டாண்டின் முன்னும் குனிந்து, குறி மேலே இருப்பதைப் படம் எடுத்துக்கொண்ட பிறகே பற்ற வைக்கச் சொன்னார். அப்படித்தான் செய்ய வேண்டும். எனக்கு அங்கே வேலை இல்லை. தார்ப்பாய்க்கு வெளியே நின்றேன்.

நான்காவது ஸ்டாண்டில் கம்பி நுனி தகட்டைத் தடவும் சத்தம் கேட்டது. டிக். டிக். டிக். எனக்கு மட்டும்தான் அது என்ன என்று தெரியும்.

ஜூன் 20, வியாழன்

உடைத்தார்கள். ஆறு பேர் தேறினார்கள். பேச்சிமுத்துவின் அடித் துண்டு மாதிரி சுத்தமான ஒன்றை நான் அதிகம் பார்த்ததில்லை. உச்சியும் இந்த முறை நன்றாக வந்திருந்தது.

கித்தேரியானின் அடித் துண்டில் மூலை உருகவே இல்லை. மூன்று சென்டிமீட்டர். உலோகம் மேலோடு மேலாக உட்கார்ந்திருந்தது. அவர் போட்ட இருபத்திரண்டு மூட்டையும் அறுத்து மறுபடி போட வேண்டும் என்று முடிவாயிற்று. அந்த வேலை பேச்சிமுத்துவுக்குப் போயிற்று.

கித்தேரியான் துண்டைக் கையில் வாங்கி, கையை நீட்டி, இன்னும் நீட்டிப் பார்த்தார். பிறகு புது இன்ஸ்பெக்டரிடமே திருப்பிக் கொடுத்தார்.

சிலிண்டர் கூண்டுக்குப் பின்னால் அவர் தூக்குவாளியைக் கட்டிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். கிட்டத்தில் இருப்பது தெரிய முழுக் கண்ணாடி போட வேண்டும், பாதிக் கண்ணாடி உதவாது, அண்ணாந்து பார்க்கும்போது அதன் கீழ்ப்பாதி கண்ணுக்கு எதிரே வராது, முகமூடிக்குள்ளேயே லென்ஸ் வைக்கவும் வழி உண்டு, கோட் எதையும் தடுக்கவில்லை, பழகிவிட்டு மறுபடி டெஸ்ட் கொடுக்கலாம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“கண்ணு தெரியலன்னு தெரிஞ்சுதான் இத்தன நாளும் எஞ்சோத்தத் தின்னியளா அண்ணாச்சி?”

ஆமாம் என்றேன். எட்டாம் தேதியிலிருந்தே தெரியும் என்றேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் இருபத்திரண்டு மூட்டுவரை போயிருக்காது. அவருக்கு இப்படி எல்லார் முன்பும் ஆகியிருக்காது. அதையும் சொல்லியிருக்க வேண்டும்.

அவர் வாளியை எடுத்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 21, வெள்ளி

லாட்ஜைக் காலி செய்தேன். குழாய் இன்னும் ஒழுகுகிறது. எழுதிக் கொடுத்த தாள் வரவேற்பு மேஜைக் கண்ணாடிக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது.

ஆலைக்குப் போய்ப் படிவத்தில் ‘பார்க்கப்பட்டது’ என்ற சொல்லை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் ‘பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டேன். புவனேந்திரன் வற்புறுத்தவில்லை.

காலைப் பத்து மணிப் பேருந்து. ஜன்னலோரம். இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள் முடிந்து முள்காடு வந்தபோது தையல்நாயகியைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். நான் இந்த நேரத்தில் கூப்பிடுகிறவன் இல்லை, பயந்திருப்பாள்.

நடந்ததைச் சொன்னேன். குறி, ஸ்டாண்டு, பம்ப் அறை நாற்காலி, நெத்திலிக் குழம்பு எல்லாம். நான்காம் தேதி பதினொரு மணிக்கு நான் ஸ்டாண்டுக்குப் போகாததற்குக் காரணம் அவளுடைய போன் என்பதையும் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன். பேரனின் மராத்தி வார்த்தைகள் முதல் இரண்டு நிமிடம்தான். மீதி முப்பத்தெட்டு நிமிடம், தான் இனித் திருச்சிக்கு வரப்போவதில்லை என்பதையும் ஏன் என்பதையும் அவள் சொன்னாள். தான் போடும் குழம்பில் குறை, மடிக்கும் துணியில் குறை, பேசுகிற பேச்சில் குறை என்று வருடக்கணக்காக நான் எழுதிக் கொடுத்த தாள்களைப் பற்றிச் சொன்னாள். அழவில்லை. நிதானமாகச் சொன்னாள். நான் சிலிண்டர் கூண்டுக்குப் பின்னால் நின்று, குறுக்கே ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ஏழு பீஸும் தலைகீழாக ஏறிக்கொண்டிருந்தன.

உன் போனால்தான் என்று குற்றம் சொல்வதாக அவள் எடுத்துக்கொள்வாளோ என்று பயந்தேன். அதற்காகச் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தபோது அவளே பேசினாள்.

“முப்பத்தோரு வருஷத்துல அன்னைக்கு ஒரு நாள்தாங்க நான் சொன்னத முழுசா காது குடுத்துக் கேட்டீங்க.”

பிறகும் அவள் போனை வைக்கவில்லை. பின்னால் பேரன் எதையோ தரையில் தட்டுகிற சத்தம் வந்தது. பேருந்து கோவில்பட்டி வரும்வரை காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டே வந்தேன்.